ஓவியர் நின்ற இடம்: களக்காட்டுக் கோபுரத்திலிருந்து கோவில்பட்டி வரை

களக்காடு சத்தியவாகீசுவரர் கோயிலுக்கு வருகிறவர்கள் ஒன்பது நிலை இராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். சுதை உருவங்களைக் குழந்தைகளுக்குக் காட்டுகிறார்கள். பிறகு வாசலைக் கடந்து சன்னதிக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் கோபுரத்தின் உட்சுவர்களில் ஓவியங்கள் இருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அவற்றைத் தீட்டியவர் யார் என்று கேட்பதில்லை. கேட்டாலும் சொல்வதற்கு ஒரு பெயர் நம்மிடம் இல்லை.

இதே திருநெல்வேலிச் சீமையில், களக்காட்டிலிருந்து வடக்கே ஒரு நூறு கிலோமீட்டர் போனால் கோவில்பட்டி. அங்கே வாழ்ந்த ஓவியர் ஒருவரின் பெயர், தமிழ்நாட்டுப் பூசையறைகள் பலவற்றில் படத்தின் கீழ் மூலையில் சிறிய எழுத்தில் இருந்தது: சி. கொண்டையா ராஜு. அவர் தீட்டிய முருகனையும் மீனாட்சியையும் கும்பிட்டு வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் அவர் வாழ்ந்த ஊருக்குப் போனதில்லை. போகவேண்டும் என்று நினைத்ததும் இல்லை.

ஓவியர் வாழ்ந்த, வேலை செய்த இடங்களுக்குப் பயணம் போவதால் என்ன தெரியவரும்? அந்தப் பயணம் நம் மண்ணில் எங்கே தொடங்கவேண்டும்? இவ்விரண்டு கேள்விகளையும் தாமிரபரணிப் பள்ளத்தாக்கை வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வெளியூர்களில் வேரூன்றிய முறை ஓவியரின் வீட்டைத் தேடிப் போவது. நமக்கு அது பாதிதான் உதவும். நாம் தேடிப் போகவேண்டியது ஓவியர்கள் கூட்டாக வேலை செய்த இடங்களை, அதாவது பட்டறைகளை என்பது என் முடிவு.

பெயரைத் தொடர்ந்து போகும் பயணம்

பிரான்சில் ஜிவெர்னி என்ற சிற்றூரில் குளோது மோனே 1883 முதல் 1926-இல் இறக்கும்வரை குடியிருந்தார். அவர் வளர்த்த தோட்டமும் அல்லிக்குளமும் 1980-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. அவர் தம் கடைசி ஆண்டுகளில் திரும்பத் திரும்பத் தீட்டிய நீரும் பூவும் அங்கே கண்ணெதிரே இருப்பதால், ஓவியத்தில் உள்ளது எவ்வளவு, ஓவியர் மாற்றியது எவ்வளவு என்று பார்வையாளர் தாமே ஒப்பிட்டுக்கொள்ள முடிகிறது.

வின்சென்ட் வான்கோ 1888-இல் வாடகைக்குப் பிடித்த ஆர்ல் நகர மஞ்சள் வீடு இன்று இல்லை. 1944-இல் குண்டுவீச்சில் சிதைந்துபோனது. ஆனாலும் மக்கள் ஆர்லுக்குப் போகிறார்கள். அவர் படத்தாங்கியை நிறுத்தித் தீட்டிய இடங்களில் அந்தந்த ஓவியத்தின் படியை நகரத்தார் பலகையாக நட்டுவைத்திருக்கிறார்கள். ஓவர் என்னும் ஊரில் அவர் ஏறத்தாழ 70 நாட்களே தங்கினார். 1890 ஜூலை 29 அன்று அங்கே இறந்தார். அவர் தங்கிய ராவு விடுதியின் மாடியறை இன்றும் காக்கப்படுகிறது.

இந்த ஊர்களில் எல்லாம் முதலில் பெயர் புகழ்பெற்றது. பெயரைத் தொடர்ந்து வீடு புகழ்பெற்றது. ஓவியர் தனி ஒருவர், அவருடைய வாழ்க்கையே ஓவியத்தின் திறவுகோல் என்ற நம்பிக்கை அதற்கு அடிப்படை.

நமக்கு மிக அருகில் இந்த முறைக்குப் பொருந்தும் இடம் மலைக்கு மேற்கே இருக்கிறது. களக்காட்டு மலையின் மறுபுறம், பழைய திருவிதாங்கூர் நாட்டில் கிளிமானூர் அரண்மனை. ரவி வர்மா 1848 ஏப்ரல் 29 அன்று அங்கே பிறந்தார். 1906 அக்டோபர் 2 அன்று அங்கேயே இறந்தார். அவர் வேலை செய்த சித்திரசாலையும் அந்த வளாகத்தில்தான் இருந்தது. பதினான்கு வயதளவில் திருவனந்தபுரம் அரண்மனைக்குச் சென்ற அவர், ஆயில்யம் திருநாள் மன்னரின் ஆதரவில் வளர்ந்தார். அக்காலத்தில் அந்த அரண்மனையில் புகழோடு விளங்கிய ஓவியர் மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர். 1868-இல் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்தே எண்ணெய் வண்ணத்தின் போக்கை ரவி வர்மா கற்றுக்கொண்டார் என்பது அவருடைய வாழ்க்கை வரலாறுகள் ஒருமுகமாகச் சொல்லும் செய்தி.

கிளிமானூருக்குப் போகிறவர் இதனுடன் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ரவி வர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய கல்லச்சுக் கூடம் பிறகு லோனாவ்லா அருகே மாளவ்லிக்கு மாறி, ஜெர்மானியர் ஒருவர் கைக்குப் போனது. அங்கிருந்து வந்த இலட்சுமியும் சரசுவதியும்தான் தென்னாட்டு வீடுகளின் சுவரில் ஏறினார்கள். கிளிமானூர் ஓவியர் பிறந்த இடம்; அவருடைய படங்கள் மக்களிடம் போய்ச் சேர்ந்த வழியோ அச்சுக்கூடம். பிறந்த வீட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் அந்த வழியைத் தவறவிடுகிறார். கோவில்பட்டிக்கு வரும்போது இது மறுபடியும் நமக்குத் தேவைப்படும்.

களக்காடு: பெயர் மறைந்து வேலை நின்ற இடம்

களக்காடு இன்று வாழைத் தோட்டங்களும் பச்சையாற்றுப் பாசனமும் கொண்ட ஒரு மலையடிவார ஊர். 1988-இல் களக்காடு சரணாலயமும் முண்டந்துறை சரணாலயமும் இணைந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனதால், காடு என்ற முறையிலேயே வெளியுலகம் இந்தப் பெயரை அறிந்திருக்கிறது. ஆனால் 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் இது வேணாட்டு அரசர்கள் தங்கி ஆண்ட ஊர். சோழகுலவல்லிபுரம் என்ற பெயரும் இதற்கு இருந்தது. பூதலவீர உதயமார்த்தாண்ட வர்மனின் காலத்தில் மலைக்குக் கிழக்கே வேணாட்டின் வலிமைக்கு இந்த ஊரே மையம். 18-ஆம் நூற்றாண்டிலும் களக்காட்டுக் கோட்டைக்காகத் திருவிதாங்கூர் படையும் ஆற்காட்டு நவாபின் தரப்பும் மாறிமாறி மோதின. மலையாள நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் இடையே ஆட்களும் பொருள்களும் கைவினையும் வந்துபோன பாதையில் அமைந்த ஊர் இது. இங்கே இவ்வளவு பெரிய கோபுரம் எழுந்ததற்கும், அதன் உள்ளே ஓவியம் தீட்ட ஆள் வைத்ததற்கும் காரணம் இந்த வரலாற்றுப் பின்னணியில் இருக்கிறது.

தென்னாட்டுக் கோபுரத்தின் அமைப்பு ஓவியரின் வேலையைத் தீர்மானித்தது. அடிப்பகுதி கருங்கல். அதற்கு மேல் எழும் நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்பும். நிலைகளுக்கு இடையே மரத்தளம், உத்தரம், ஏணிப்படி. மேலே போகப்போக அறை குறுகும். ஒவ்வொரு நிலையிலும் முன்னும் பின்னும் உள்ள திறப்புகள் வழியாகவே வெளிச்சம் வரும். மூலைகளுக்கு அது எட்டாது. ஓவியர் சுவரைவிட்டுப் பின்னே நகர்ந்து தம் வேலையை ஒருமுறை முழுதாகப் பார்க்க இடம் கிடையாது. ஆகவே கோபுர ஓவியங்கள் பெரும்பாலும் பட்டை பட்டையாகப் பிரிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, கை எட்டும் அளவிலான உருவங்களோடு அமைகின்றன. அவற்றைப் பார்க்க நாமும் சுவரை ஒட்டி நடக்கவேண்டியிருக்கிறது. புத்தகத்தில் அச்சான படத்தை வைத்து இந்த ஓவியங்களை நெருக்கடியானவை, ஆழம் தெரியாதவை என்று குறை சொல்பவர்கள் உண்டு. அந்த அறையில் நின்று பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். அது ஓவியரின் குறை இல்லை; இடத்துக்கு ஏற்ற தீர்வு.

வேலையின் படிகளும் இடத்தோடு சேர்ந்தே புரிகின்றன. மணலும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு முதலில். அதன்மேல் மெல்லிய வெண்சுண்ணாம்புப் பூச்சு. வழவழப்பாகும்வரை கல்லால் தேய்ப்பு. காய்ந்த பரப்பில் காவியால் உருவத்தின் கோடு. பிறகு காவிக்கல், மஞ்சள் மண், விளக்குக்கரி, சுண்ணாம்பு ஆகியவற்றை அரைத்துப் பிசினில் குழைத்த வண்ணம். கடைசியில் எல்லாவற்றையும் எடுத்துக்காட்டும் கறுப்பு அல்லது அடர்சிவப்புக் கோடு. பூச்சு வேலைக்கு ஒருவர், வண்ணம் அரைக்க ஒருவர், கோடு போட மூத்தவர், நிரப்ப இளையவர் என்று ஒரு குழுவே சுண்ணாம்புச் சட்டிகளோடும் எண்ணெய் விளக்குகளோடும் இந்தக் குறுகிய நிலைகளில் ஏறி இறங்கியிருக்கவேண்டும். ஒரே ஆள் தனியாகச் செய்யக்கூடிய வேலை இது இல்லை. ஒற்றைப் பெயர் கிடைக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இடத்தைப் பார்த்தபின் எழும் முக்கியமான கேள்வி வேறு: இவை யாருக்காகத் தீட்டப்பட்டன? எழுத்தறியாத மக்களுக்குப் புராணம் சொல்லிக்கொடுக்கவே கோயில் ஓவியங்கள் என்று பாடநூல்கள் எழுதிவருகின்றன. திருச்சுற்று மண்டபத்தின் கூரையில் உள்ள ஓவியங்களுக்கு அது பொருந்தலாம். கோபுரத்தின் மேல்நிலைகளுக்கு யார் ஏறுவார்? விளக்கேற்றுகிறவர், காவலுக்குப் போகிறவர், திருப்பணிக்காரர். ஊர் மக்கள் வரிசையாக ஏறிப் பார்க்கும் இடமாக அது எக்காலத்திலும் இருந்திருக்க முடியாது. அப்படியானால் இந்த ஓவியத்தைக் கோபுரம் என்னும் கட்டடத்தின் நிறைவாகவே அதைச் செய்வித்தவர்கள் கருதியிருக்கவேண்டும். வெளியே சுதை எப்படியோ, உள்ளே சித்திரம் அப்படி. பார்ப்பார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தெய்வத்தின் வாசல் முழுமை பெறவேண்டும். காண்பவர் எண்ணிக்கையைக் கொண்டு கலையின் மதிப்பை அளந்து பழகிய நமக்கு இந்த எண்ணம் ஒரு பாடம். கோபுரத்தில் ஏறாமல் இதை நம்மால் உணர முடியாது.

திருப்புடைமருதூர்: சுவரில் எழுதிய அண்மை வரலாறு

களக்காட்டு ஓவியங்களைப் புரிந்துகொள்ள அடுத்து போகவேண்டிய இடம் திருப்புடைமருதூர். தாமிரபரணியோடு கடனாநதி கலக்கும் பகுதியில், மருத மரங்கள் சூழ்ந்த நாறும்பூநாதர் கோயில். அதன் ஐந்து நிலைக் கோபுரத்தின் உள்ளே நிலைதோறும் சுவர் ஓவியங்களும், செதுக்கு வேலைப்பாடு மிக்க மரத்தூண்களும் உத்தரங்களும் உள்ளன. தமிழ்நாட்டின் நாயக்கர் காலக் கலைக்கூடங்களில் முதல் வரிசையில் வைக்கத்தக்கது அது.

அங்கே புராணக் காட்சிகளோடு படைகள் மோதும் காட்சிகளும் இருக்கின்றன. கப்பலில் குதிரைகள் வந்திறங்கும் காட்சியும் உண்டு. அரபு நாட்டுக் குதிரை வணிகம் பாண்டிய நாட்டுக் கடற்கரையில் எவ்வளவு பெரிதாக நடந்தது என்பதை நூல்களில் படித்தவர்களுக்கு, அதை நேரில் அறிந்த ஒருவர் தீட்டிவைத்த சாட்சி அது. இங்குள்ள போர்க்காட்சிகள் 1532-இல் நடந்த தாமிரபரணிப் போரைக் குறிப்பவை என்று கலை வரலாற்றாய்வாளர் பேராசிரியர் சா. பாலுசாமி அடையாளம் கண்டார். விசயநகரப் பேரரசர் அச்சுததேவராயரின் படைக்கும் வேணாட்டு உதயமார்த்தாண்ட வர்மனின் படைக்கும் நடந்த போர் அது. விசயநகரப் படையை நடத்தியவர் பேரரசரின் மைத்துனர் சலகராசு திருமலை. வேணாட்டரசர் தோற்றார்.

இந்த அடையாளம் களக்காட்டோடு நேரடியாகத் தொடர்புடையது. தோற்ற அரசரின் ஊர் களக்காடு. தோல்வி தீட்டப்பட்ட ஊர் திருப்புடைமருதூர். இரண்டுக்கும் இடையே ஒரு நாள் நடைத்தூரம்கூட முழுதாக இல்லை. போர்க்களமும் இந்த ஆற்றங்கரைதான். ஓவியர்கள் எங்கோ கேட்ட கதையை வரைந்தவர்கள் அல்லர்; தம் ஊரில் பேசப்பட்ட நிகழ்ச்சியைத் தீட்டியவர்கள். இரண்டு கோபுரங்களையும் அடுத்தடுத்துப் பார்த்து, நடுவில் உள்ள வயலையும் ஆற்றையும் கடந்து வருகிறவருக்கே இந்த நெருக்கம் உறைக்கும். வரைபடத்தில் இரண்டு புள்ளிகளாகத் தெரிவது, பயணத்தில் ஒரே உலகமாகிறது.

இரண்டு ஓரங்கள்

இந்தப் பள்ளத்தாக்கின் ஓவிய மரபு நாயக்கர் காலத்தில் திடீரென முளைத்தது இல்லை. கடையநல்லூர்ப் பக்கத்தில் திருமலாபுரம் குடைவரையில் முற்காலப் பாண்டியர் ஓவியத்தின் எச்சங்கள் இருக்கின்றன. தாமரையும் அன்னமும் கணங்களும் கொண்ட அந்தச் சிதைந்த பகுதிகள், சித்தன்னவாசலுக்கு நெருங்கிய உறவு உடையவை. தெற்கே பாண்டிய நாட்டின் உள்ளே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தேர்ந்த ஓவியர்கள் இருந்தார்கள் என்பதற்கு அதுவே போதுமான சான்று.

இன்னொரு ஓரம் குற்றாலம். ஆடல்வல்லானின் ஐந்து சபைகளில் திருநெல்வேலி தாமிர சபை. குற்றாலம் சித்திர சபை. சிதம்பரத்தில் பொன்வேய்ந்த கூரையின் கீழ்ச் செப்புத்திருமேனியாக நிற்கும் நடராசர், குற்றாலத்தில் சுவர் ஓவியமாகவே வழிபடப்படுகிறார். அருவியில் குளித்துவிட்டுத் திரும்பும் கூட்டத்தில் சிறுபகுதியே சித்திர சபை வரை வருகிறது. ஓவியத்தையே மூலவராக்கிப் பூசை செய்யும் ஊர், ஓவியத்தை அலங்காரமாக மட்டும் நினைத்திருக்க முடியாது. களக்காட்டில் பார்வையாளர் இல்லாத ஓவியம்; குற்றாலத்தில் வழிபாட்டுக்குரிய ஓவியம். இரண்டிலும் ஓவியரின் பெயர் முன்னால் வரவில்லை.

பெயர் எழுதும் வழக்கமே நம்மிடம் இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில், முசுகுந்தன் கதையைச் சொல்லும் ஓவியங்களில், சிங்காதனம் என்ற ஓவியரின் பெயர் எழுத்தாகவே இருக்கிறது. தஞ்சை மராட்டியர் காலத்து வேலை அது. வழிபடும் கோலத்தில் தம் உருவத்தையும் அவர் காட்சிக்குள் சேர்த்திருக்கிறார். தாம் செய்த வேலையைத் தெய்வத்துக்குச் செய்த தொண்டாக எண்ணிய ஒருவர், தொண்டர்களில் ஒருவராகத் தம்மை நிறுத்திக்கொண்ட விதம் அது. இதுபோன்ற எழுத்துகள் தாமிரபரணிக் கரைக் கோபுரங்களிலும் மங்கிக் கிடக்கக்கூடும். தேடுகிறவர்கள் போனால்தானே தெரியும்.

கோவில்பட்டி: பெயர் நின்று பட்டறை கலைந்த ஊர்

இப்போது நம் காலத்துக்கு வருவோம். கொண்டையா ராஜு 1898-இல் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றார். இளமையிலேயே துறவு நாட்டம் கொண்டு, திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சில காலம் இருந்தார். அதன்பின் நாடகக் கம்பெனிக்குச் சீன் தீட்டும் ஓவியராகச் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றினார். 1940-களின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. கம்பெனி கலைந்த ஊரிலேயே அவர் தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டுடியோ என்ற படநிலையமும், அவரைச் சுற்றி ஒரு சீடர் கூட்டமும் உருவாயின. டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், மீனாட்சிசுந்தரம், செண்பகராமன், சீனிவாசன் என்று அந்த வரிசை நீள்கிறது. திருமணம் செய்துகொள்ளாத கொண்டையா ராஜுவுக்குச் சீடர்களே குடும்பம். 1976-இல் கோவில்பட்டியில் அவர் காலமானார்.

அவருடைய படங்களின் இலக்கணத்தைக் கோவில்பட்டியைக் கொண்டு விளக்கலாம். நாடகச் சீன் என்பது தர்பார், தெரு, நந்தவனம், காடு என்று தூரம் காட்டும் திரைச்சீலை. அதன் முன்னே நடிகர் சபையைப் பார்த்து நிற்பார். கொண்டையா ராஜுவின் தெய்வப்படத்தில் பின்னணி அப்படியே அந்தச் சீன்: தூணும் வளைவும் மலையும் ஆறும் உள்ளே ஆழமாகப் போகின்றன. முன்னே தெய்வம் நம்மை நேருக்கு நேர் பார்க்கிறது. ரவி வர்மா கதையின் ஒரு கணத்தைப் பிடித்தார். அவர் படத்தில் உள்ளவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். கொண்டையா ராஜு தரிசனத்தைப் பிடித்தார். அவர் தெய்வங்கள் கும்பிடுகிறவரைப் பார்க்கின்றன. கோயில் மூலவரின் நேர்நோக்கும் நாடக மேடையின் ஆழமும் ஒன்றாகச் சேர்ந்த இந்த அமைப்பு, மக்களுக்கு உடனே பிடித்துப்போனது. பூசையறைக்கு அவர்கள் கேட்டது தரிசனம்தான்.

அடுத்த காரணம் ஊரின் இருப்பிடம். கோவில்பட்டியும் சிவகாசியும் வானம் பார்த்த கரிசல் பூமியின் ஊர்கள். வேளாண்மை கைகொடுக்காத நிலையில் தீப்பெட்டித் தொழில் வந்தது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று அத்தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சு வேண்டும். அப்படி வளர்ந்த அச்சகங்கள் பிறகு காலண்டருக்கு மாறின. காப்பித்தூள் கடை, ஜவுளிக்கடை, நகைக்கடை என்று ஆண்டுதோறும் வாடிக்கையாளர்களுக்குக் காலண்டர் கொடுக்கும் வழக்கம் ஊன்றியபோது, நல்ல தெய்வப்படம் தீட்டக்கூடிய ஓவியர்கள் பக்கத்து ஊரில் இருந்தார்கள். கொண்டையா ராஜு மயிலாப்பூரிலேயே இருந்திருந்தால் இந்தக் கூட்டு நடந்திருக்காது. நாடகக் கம்பெனி இன்னோர் ஊரில் கலைந்திருந்தால் தமிழரின் பூசையறை வேறு முகம் பெற்றிருக்கும்.

இந்தத் தொடர்புகளை முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் கனடா நாட்டு மானிடவியலாளர் ஸ்டீஃபன் இங்லிஸ். 1990-களில் அவர் எழுதிய கட்டுரைகள், காலண்டர் படத்தை மலிவுப் பொருளாக ஒதுக்கிவந்த ஆய்வுலகை நிறுத்தி யோசிக்கவைத்தன. நம் ஊர் ஓவியரைப் பற்றிய அடிப்படை ஆய்வுக்கு நாம் கனடாவைக் கைகாட்டவேண்டியிருப்பது, இந்தத் துறையில் நாம் செய்யாமல் விட்டது எவ்வளவு என்பதைச் சொல்கிறது.

பட்டறை என்னும் தொடர்ச்சி

கோவில்பட்டிப் படங்களின் கையொப்பத்தைக் கவனித்தால் ஒரு செய்தி கிடைக்கும். பல படங்களில் கொண்டையா ராஜுவின் பெயரும் சீடர் ஒருவரின் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. குரு உருவத்தைத் தீட்டப் பின்னணியைச் சீடர் முடிப்பதும், சீடர் தீட்டியதைக் குரு திருத்துவதும் அங்கே இயல்பு. இன்ன படத்தில் யார் கை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முயலும் சேகரிப்பாளர்கள் திணறுகிறார்கள். ஏலத்துக்கும் விலைக்கும் அந்தப் பிரிவினை தேவையாக இருக்கலாம். வரலாற்றுக்கு அதைவிட முக்கியமானது, அவர்கள் சேர்ந்து வேலை செய்த முறை.

களக்காட்டுக் கோபுரத்தில் மூத்தவர் கோடு போட இளையவர் வண்ணம் நிரப்பிய அதே முறைதான் கோவில்பட்டி ஸ்டுடியோவிலும் நடந்தது. ஓவியக் கல்லூரியில் படித்து, எண்ணெய் வண்ணமும் புகைப்படமும் அறிந்த ஒருவர், ஒரு சிற்றூரில் அமர்ந்தவுடன் பட்டறை முறைக்கே திரும்பினார். அவர் கற்ற கல்வி ஐரோப்பிய முறை. அவர் வாழ்ந்த வாழ்க்கை சித்திரக்காரர் முறை. இடையே சில நூற்றாண்டுகள் கடந்தும் இந்த முறை மாறவில்லை. சுண்ணாம்புச் சுவர் போய்த் தாள் வந்தது. பிசின் போய் அச்சு மை வந்தது. பார்ப்பவர் சிலராக இருந்தது கோடிக்கணக்கானவர்களாக மாறியது. வேலை செய்யும் உறவு மட்டும் அப்படியே இருந்தது.

இதனால்தான் ஜிவெர்னிக்கும் ஆர்லுக்கும் போகும் முறையை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது என்கிறேன். கொண்டையா ராஜு படுத்த கட்டிலையும் அமர்ந்த நாற்காலியையும் காட்சிக்கு வைத்தால் மட்டும் அவரை அறிந்தவர்கள் ஆகமாட்டோம். அவரைச் சுற்றி யார் யார் இருந்தார்கள், எந்த அச்சகத்துக்குப் படம் போனது, எந்த நாடகத்தின் சீன் எந்தப் படத்தின் பின்னணி ஆனது, சீடர்களின் சீடர்கள் இன்று என்ன செய்கிறார்கள் என்பதையெல்லாம் சேர்த்துக் காட்டும் இடமே அவருக்கு உண்மையான நினைவிடம். சோழமண்டலம் இதற்கு ஒரு முன்மாதிரி. கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் 1966-இல் சென்னைக்குத் தெற்கே தொடங்கிய அந்த ஓவியர் கிராமத்துக்குப் போகிறவர்கள் ஒருவரைப் பார்க்கப் போவதில்லை. ஒரு கூட்டத்தின் உழைப்பைப் பார்க்கப் போகிறார்கள்.

செய்யவேண்டியவை

தென்மாவட்டம் எழுத்தாளர்களை மதிக்கத் தெரிந்த மண். எட்டயபுரத்தில் பாரதிக்கு 1947-இலேயே மணிமண்டபம் எழுந்தது. கல்கியின் முயற்சியும் மக்கள் கொடுத்த பணமும் அதைக் கட்டின. இடைசெவலின் கி. ராஜநாராயணனுக்குக் கோவில்பட்டியில் அரசே நினைவரங்கம் அமைத்திருக்கிறது. அந்த அக்கறை ஓவியர்களுக்கும் கிடைக்கவேண்டும்.

கோபுர ஓவியங்களைப் பொறுத்தவரை முதல் தேவை ஆவணப்படுத்தல். மழைநீர்க் கசிவு, வௌவால் எச்சம், கரியாலும் ஆணியாலும் பெயர் கிறுக்கும் கைகள், திருப்பணி என்ற பெயரில் அடிக்கப்படும் வெள்ளை ஆகியவை ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரைத் தின்கின்றன. களக்காடு, திருப்புடைமருதூர்க் கோபுரங்களின் ஒவ்வொரு நிலையையும் சுவர் சுவராக உயர்தரப் படமெடுத்து, காட்சி விளக்கத்தோடு பொதுவில் வைக்கவேண்டும். குடமுழுக்குப் பணி தொடங்கும் முன் ஓவியப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரின் ஒப்புதல் கட்டாயம் ஆகவேண்டும். மரத்தளமும் சுண்ணாம்புப் பூச்சும் கூட்டத்தைத் தாங்காது. ஆகவே மேல்நிலைகளுக்கு ஆட்களை அளவாகவே அனுமதிக்கவேண்டும். கீழே, கோயில் வளாகத்திலேயே, உள்ளே இருப்பதன் நல்ல படிகளை வைத்தால் ஏற முடியாதவர்களும் காண்பார்கள்.

கோவில்பட்டியில் தேவை ஒரு காப்பகம். கொண்டையா ராஜுவும் சீடர்களும் தீட்டிய மூலப்படங்கள், அச்சுப்படிகள், அச்சகங்களின் பழைய மாதிரிப் புத்தகங்கள், ஸ்டுடியோ புகைப்படங்கள், வேலையை நேரில் பார்த்தவர்களின் நினைவுகள் ஆகிய அனைத்தும் ஓரிடத்தில் சேரவேண்டும். நேரில் பார்த்தவர்கள் முதுமை அடைந்துவிட்டார்கள். இதை இன்னும் தள்ளிப்போட முடியாது.

பயணம் போகிற வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குற்றாலத்துக்கு வந்தால் சித்திர சபைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். திருநெல்வேலிக்கு வந்தால் திருப்புடைமருதூருக்கும் களக்காட்டுக்கும் போங்கள், கோபுரத்தில் ஏறக் கோயில் நிர்வாகத்தின் அனுமதியை முறையாகக் கேளுங்கள், சுவரைத் தொடாதீர்கள், பளிச்சிடும் விளக்கோடு படமெடுக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய காலண்டர் படமோ, சட்டம் போட்ட சாமி படமோ கிடந்தால், ஆற்றில் விடுவதற்கு முன் அதன் கீழ் மூலையைப் பாருங்கள். அங்கே ஒரு கோவில்பட்டி ஓவியரின் பெயர் இருந்தால் படத்தைப் பத்திரப்படுத்துங்கள். அது எந்தக் கடையில் எந்த ஆண்டு கிடைத்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பின்புறம் எழுதி வையுங்கள்.